பழியெல்லாம் உப்பின் மேல்

காசிலிங்கம் பேனலின் கதவைத் திறந்ததும் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஏதாவது ஒரு ஸ்க்ரூவின் தலையைத் தடவுகிறார். தடவிய விரல் நேராக நாக்குக்குப் போகிறது. மீட்டர், டெஸ்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். கண்ணைச் சுருக்கி, கல்யாணச் சமையலில் ரசம் ருசி பார்க்கிறவர் மாதிரி ஒரு சப்புக்கொட்டல். உடனே தீர்ப்பு வந்துவிடும். "உப்பு பூந்துடுச்சிம்மா."

இதை முதன்முதலாகப் பார்த்த அன்று அம்சவல்லிக்குப் பகீர் என்றது. கரண்ட் பெட்டிக்குள் கையை விட்டு நக்குகிற மனிதரை அவள் அதற்கு முன் கண்டதில்லை. "அண்ணா, மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆஃப் பண்ணாம நக்குறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல். அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், வீட்டில் அவர் மனைவி சரஸ்வதி குழம்பில் உப்பைக் கண்ணில் காட்டுவதோடு சரி என்பதெல்லாம் பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. அதைச் சொல்லிக் கேலி செய்தால் அதற்கும் பதில் இருந்தது. "டாக்டரு சோத்துலதாம்மா கொறைக்கச் சொன்னாரு. பேனல்ல கொறைக்கச் சொல்லலியே."

மரக்காணம் உப்பளத்திலிருந்து அனுமந்தை வரைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எதுவாக இருந்தாலும், ஒரு தடவையாவது காசிலிங்கம் அதைக் கழற்றிப் பூட்டியிருப்பார். ஐம்பதைத் தாண்டிய, ஒடிசலான ஆள். காக்கி அரைக்கால் சட்டைக்கு மேல் கைலி. வேலை தொடங்கியதும் கைலியை அவிழ்த்து மடித்து டிவிஎஸ் வண்டியின் சீட்டில் வைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்துபோய், அந்த இடத்தில் வயரின் சிவப்பு உறையை மாட்டியிருக்கிறார். முறுக்கி முடித்த ஒவ்வொரு ஸ்க்ரூவின் மேலும் மகளுடைய நகப்பூச்சால் ஒரு கோடு போடுவார். கோடு உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஏற்பாட்டில் அவருக்குப் பெருமை அதிகம். அவர் வேலை பார்த்த பேனலைத் திறந்தால் வரிசையாக ரோஸ் நிறத்தில் மினுக்கும். மகள்தான் பாவம், விசேஷத்துக்குப் போகும்போது பாட்டில் காலியாக இருக்கிறதே என்று அழுவாளாம்.

இன்னொன்று, பேசுகிற ஆளின் முகத்தைப் பார்க்காமல் அவருக்குப் பேச வராது. பேசாமல் வேலை செய்யவும் வராது. அதனால் முகம் நம் பக்கமும் கை பேனல் பக்கமுமாகத்தான் எப்போதும் இருப்பார். வஞ்சிரம் விற்கிற விலை, மருமகன் முறுக்கிக்கொண்டு போனது, அடுத்த மழை என்று வாய் ஒரு பக்கம் ஓடும். கை தன்பாட்டுக்கு அவிழ்க்கும், செருகும், முறுக்கும்.

எந்தக் கோளாறு என்றாலும் பழி உப்பின் மேல்தான். மிக்ஸி சுற்றவில்லையா, உப்பு. டிவியில் படம் ஆடுகிறதா, ஆன்டெனாவில் உப்பு. செல்போனில் சிக்னல் இல்லையென்றால்கூட டவர் மேலே உப்பு படிந்திருக்கும் என்பார். மருமகனின் கோபத்துக்கு மட்டும்தான் இதுவரைக்கும் உப்பைக் காரணம் சொல்லவில்லை. எர்த் குழி தோண்டினால் கரியும் உப்பும் போட்டு மூடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். காசிலிங்கம் கரியோடு நிறுத்திக்கொள்வார். "உப்பைக் கடலு ஏற்கெனவே போட்டு வெச்சிருக்குது, நாம வேற எதுக்கு?"

அவரைக் குறை சொல்லவும் மனசு வராது. போன மார்கழியில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதே, அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதம் அவர் வீட்டு வாசலில் மோட்டார்களும் படகு இஞ்சின்களும் பிணம் மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே சேறும் உப்பும். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, வார்னிஷ் அடித்து, மறுபடி ஓடவைத்தார். அந்த மாதங்களில் எதைத் திறந்தாலும் உப்புதான் குற்றவாளி, காசிலிங்கம் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அத்தனை தடவை சரியாகச் சொன்ன நாக்கு அதற்கப்புறம் வேறு எதையும் சொல்ல மறந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

ஊரும் அதற்குப் பழகிவிட்டது. காசி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது திண்டிவனம் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் புருஷோத்தமனின் உறுதியான கட்சி. புருஷோத்தமன் அம்சவல்லியின் கணவர். கட்டிய மனைவி சொன்னால் யோசிப்பார், காசிலிங்கம் சொன்னால் யோசிக்கமாட்டார். அம்சவல்லியே இதைச் சிரித்துக்கொண்டு சொல்வாள். ஆனால் இந்த ஆனி மாதத்தில் அவளால் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

அம்சவல்லி இடையஞ்சாவடிக்காரி. கல்யாணத்துக்கு முன் ஆரோவில்லில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவள். அங்கேதான் கம்ப்யூட்டர் வைத்த லேத்தைப் பார்த்தாள். பித்தளைக் கம்பியைப் பூட்டிப் பட்டனை அழுத்தினால் தானாகவே கடைந்து கொடுக்கிற மிஷின். அதை ஓட்டவும் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை, கணவர் கடைந்து தருகிற சாமானைத் துணியால் துடைத்து அடுக்குவது. அடுக்கினாள், வருஷக்கணக்கில். போன தை மாதம் புதுச்சேரியில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் அதே மாதிரிக் கம்ப்யூட்டர் வைத்த பழைய சி.என்.சி. லேத் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஒற்றைக் காலில் நின்று வாங்கவைத்தாள். இரும்பு நன்றாக இருந்தது, மின்சாரப் பாகம் செத்துப்போயிருந்தது. பழைய மோட்டார்களைக் கழற்றிவிட்டுப் புதிய சர்வோ மோட்டார்களும், அவற்றை ஆட்டுவிக்கிற டிரைவ் பெட்டிகளும் சென்னையிலிருந்து வரவழைத்தாள். உப்பளத்துப் பம்புத் தண்டுகளுக்குப் பித்தளை உறையாக ஸ்லீவ் போட்டு மாளாது, உப்புத் தண்ணீர் தின்றுகொண்டே இருக்கும். அந்த வேலை முழுக்க இந்த மிஷினுக்கு, மிஷின் முழுக்கத் தனக்கு என்பது அவள் கணக்கு.

புருஷோத்தமனுக்கு முதலிலிருந்தே மனசில்லை. "கடலோரத்துல கம்ப்யூட்டரு மிஷினு நிக்காது வள்ளி. இந்தக் காத்து இரும்பையே தின்னுடுது, அதைத் தின்ன எத்தினி நாளாவும்?" என்பார். சென்னையிலிருந்து சிங்காரம் என்ற தரகர் வேறு அடிக்கடி போன் போட்டு, அம்பத்தூரில் ஒரு பார்ட்டி இருக்கிறார், மிஷினை அப்படியே எடுத்துக்கொள்வார், அங்கே உப்புக் காற்று கிடையாது என்று தூபம் போட்டுக்கொண்டிருந்தார்.

வயரிங் வேலைக்குக் காசிலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் பிரமாதமாக ஒயர் இழுத்தார். சர்வோ அவருக்குப் புதிது. ஆனால் டிரைவ் பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, பாதியை அம்சவல்லிக்குப் பாடமும் எடுத்தார். "பம்பு மோட்டாரு மாடு மாரிம்மா, ஓட்டிவுட்டா ஓடும். இது அப்பிடி இல்ல. பொறத்தால என்கோடர்னு ஒண்ணு உக்காந்துக்கினு எவ்ளோ சுத்துச்சின்னு டிரைவுக்கு நொடிக்கு நொடி சொல்லும். டிரைவு அதைக் கேட்டுக்கினுதான் கரண்ட் வுடும்." சிக்னல் கேபிளைப் பவர் கேபிளோடு சேர்த்து ஓட்டக்கூடாது என்று தனி வழியில் கொண்டுபோனார். ஈரம் தங்காமல் இருக்கப் பேனலுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டார். எல்லா ஸ்க்ரூவுக்கும் நகப்பூச்சு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் ஓட்டம். நீளவாக்கில் போகிற அச்சு வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அம்சவல்லி கை தட்டியேவிட்டாள். அடுத்தது குறுக்கு அச்சு. பிளஸ் பட்டனை அழுத்தினால் கத்தி வெளியே போகவேண்டும், அது உள்ளே வந்தது. "ரிவர்ஸ் ஓடுதும்மா" என்று மெயினை அணைத்தார் காசிலிங்கம். டிரைவின் அடிப்பக்கம் கையை விட்டபடியே, மருமகன் வண்டி கேட்கிற கதையை அவளைப் பார்த்துச் சொன்னார். கதை முடிவதற்குள் ஊரிலேயே கரண்ட் போய்விட்டது. அன்றைக்குத் திரும்பி வரவில்லை. சாயங்காலம் கடல் பக்கமிருந்து காற்றும் தூறலும்.

புதன்கிழமை கரண்ட் வந்தது. குறுக்கு அச்சுக்கு உயிர் கொடுத்ததும் மோட்டார் உறுமியது, விலுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தது, நின்றுவிட்டது. டிரைவின் சின்னக் கண்ணாடியில் அலாரம் எண் சிவப்பாக மின்னியது. மறுபடி போட்டார்கள். உறுமல், இழுப்பு, அலாரம். முந்தின நாள் இதே அச்சு, திசை மாறியாவது, அழகாக நகர்ந்தது. காசிலிங்கம் ஒரு கனெக்டரைக் கழற்றினார். தடவினார். நாக்கில் வைத்தார்.

"நேத்து ராத்திரி காத்துல உப்பு பூந்துடுச்சிம்மா."

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பட்டறையில் எதை நக்கினாலும் உப்பு கரிக்கத்தான் செய்யும், அம்சவல்லியின் தாலியை நக்கினாலும் கரிக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், ஸ்பிரிட் விட்டுத் துடைத்தார். மோட்டாரின் கம்பிச் சுருளில் கசிவு இருக்கிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்தார். மெக்கர் முள் எல்லாம் சுத்தம் என்றது. "மெக்கருக்கே உப்பு புடிச்சிருக்கும்" என்று அதையும் துடைத்தார்.

டிரைவ் விற்ற கடையின் சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்து போனில் கேட்ட முதல் கேள்வி, "நேத்து ஓடினதுக்கு அப்புறம் எதையாவது மாத்துனீங்களா?" என்பதுதான். காசிலிங்கம் நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் செய்கிற குரலில், "ஒண்ணுமே பண்ணல சார். கை வெக்கல" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் இரண்டு டிரைவையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், கோளாறு பெட்டியிலா வெளியிலா என்று தெரிந்துவிடும் என்றார் சென்னைக்காரர். போனை வைத்ததும் காசிலிங்கம் தலையாட்டிவிட்டார். "நல்லா ஓடுறதைக் கழட்டி நோவாளி கூடப் படுக்க வெக்கச் சொல்றாரும்மா. இதுல கீற உப்பு அதுக்கும் ஒட்டிக்கும்." அம்சவல்லி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. டிரைவ் உப்பில் போய்விட்டது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

இது போதாதா புருஷோத்தமனுக்கு? அன்று மாலையே சிங்காரத்துக்குப் போன் போனது. வெள்ளிக்கிழமை காலை லாரியோடு வருவதாகப் பேச்சு. அம்சவல்லி சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், கத்திப் பார்த்தாள். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "நான் இன்னா ஆசைக்கா விக்கிறேன்? காசிண்ணா உப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், லாரியை வந்த வழியே அனுப்பிடுறேன். உப்புன்னா இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்குப் போவும், மாசா மாசம் போவும். நான் தாங்க மாட்டேன்." வியாழக்கிழமை முழுக்கக் காசிலிங்கம் துடைத்தார். அலாரம் மாறவில்லை. எது நடந்தாலும் நடக்கட்டும், ஆனால் இந்த மிஷின் செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் எப்படிக் கெட்டது என்று தெரியாமல் அதை லாரியில் ஏற்றக்கூடாது என்ற பிடிவாதம் அம்சவல்லிக்கு. ஆத்திரத்தைவிட அந்தக் கேள்விதான் அவளை அதிகம் அரித்தது.

வெள்ளிக்கிழமை காலை. லாரி வந்து வாசலில் நின்றது. சிங்காரம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். காசிலிங்கம் வந்து கைலியைக்கூட அவிழ்க்கவில்லை, உப்பளத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். மாடு இழுத்து அறுந்துபோன கேபிளை யாரோ சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, பாத்தி காய்கிறது. "தோ, போயிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பினார். அளத்துக்குள் போனால் ஒரு மோட்டார் ஒன்பது மோட்டாராகி அவர் திரும்ப இருட்டிவிடும் என்று அம்சவல்லிக்குத் தெரியும். "நானும் வர்றேன்" என்று வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. பாத்தி வரப்பில் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு சின்னப்பாப்பா நின்றிருந்தாள். இருபது வருஷமாக அதே அளத்தில் வேலை செய்கிறவள். பம்பு கொட்டகையில் மோட்டார் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, குழாயில் ஒரு சொட்டு இல்லை. காசிலிங்கம் ஒரு பார்வை பார்த்து அணைத்தார்.

"இன்னா சின்னப்பாப்பா, முட்டி வலி எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

"அது இருக்குது அது பாட்டுக்கு. தைலம் தேச்சா அன்னிக்கு ஒரு நாளு சும்மா இருக்குது."

"செருப்பு போட்டுக்கினு எறங்குன்னா கேக்குறியா?"

"செருப்பு போட்டா வழுக்குதுண்ணா. வுழுந்தா யாரு தூக்குவா?"

அம்சவல்லி சின்னப்பாப்பாவைப் பார்க்கவில்லை. காசிலிங்கத்தின் முகத்தையும் பார்க்கவில்லை. வேறு வேலை இல்லாததால் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தது. சிவப்பு வயரை அவிழ்த்தது, மஞ்சள் வயரை அவிழ்த்தது. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள், மஞ்சள் இருந்த இடத்தில் சிவப்பு. முறுக்கியது, மூடியது. செருப்புப் பேச்சு முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சுவிட்சைப் போட்டார். குழாய் இரண்டு தடவை செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

"இப்ப இன்னா பண்ணீங்கண்ணா?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"எங்கம்மா?"

"இப்பதான். இந்தப் பொட்டியில."

"ஒண்ணும் பண்ணலயே. ரிவர்ஸ் ஓடுச்சி, நேரா ஓடவுட்டேன்."

"ரெண்டு வயரை மாத்திப் போட்டீங்க."

"அட, அது ஒரு வேலையா?" என்று சிரித்தார். "மோட்டாரு ரிவர்ஸ் ஓடினா ரெண்டு வயரை மாத்தணும். அதை யாராச்சும் பண்ணேன்னு சொல்லிக்குவாங்களா? மூக்கு சிந்துனேன்னு சொல்ற மாரி."

அம்சவல்லி மூடிய ஸ்டார்ட்டர் பெட்டியை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"செவ்வாக்கெழமை நம்ம மிஷினும் ரிவர்ஸ் ஓடுதுன்னு சொன்னீங்க."

காசிலிங்கத்தின் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த ஆள்தான் எங்கேயோ போய்விட்டார். தன் வலது கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். சின்னப்பாப்பா ஏதோ கேட்டாள், அது அவர் காதில் விழவில்லை. மெதுவாக வரப்பில் உட்கார்ந்தார்.

"மாத்தியிருப்பேம்மா" என்றார். "ஞாபகம் இல்ல. ஆனா மாத்தியிருப்பேன். மாத்தாம இருந்திருக்க மாட்டேன்."

பிறகு அவரே விளக்கினார், யாரும் கேட்காமல். சர்வோவில் இரண்டு வயரை மாற்றினால் மோட்டார் ஒரு பக்கம் திரும்பும், என்கோடர் வேறு கணக்கைச் சொல்லும். டிரைவ் பயந்துபோய் இன்னும் அழுத்தித் தள்ளும், தள்ளத் தள்ளக் கணக்கு மோசமாகும், கடைசியில் அலாரம் போட்டுக் கையை விரித்துவிடும். "அந்த வயரை மாத்தாதேன்னு புக்குல முதல்லயே பெருசாப் போட்டிருக்கான். திசை மாத்தணும்னா டிரைவுல ஒரு நம்பரை மாத்துனா போதும். நான்தான உனக்குப் படிச்சிக் காட்டுனேன்?" என்றார். அவர் குரலில் இருந்த வியப்பு அம்சவல்லிக்கு ஆச்சரியமாக இருந்தது. தன்னைத் தானே இவ்வளவு நாளும் பார்க்காமல் இருந்துவிட்ட மனிதர் இப்போதுதான் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை நிறுத்தினார்.

"ஓடிடும்மா. சந்தேகமில்ல. புருசு கிட்ட உப்புன்னே சொல்லிக்கிறேனே. தொடைச்சேன், போயிடுச்சின்னு."

"சொன்னீங்கன்னா ஓடினாலும் வித்துடுவாருண்ணா" என்றாள் அவள். "உப்புன்னா மறுபடியும் வரும்ங்கறாரு. நீங்க உப்பு இல்லன்னு சொன்னாத்தான் லாரி திரும்பிப் போவும்."

அவர் எதிரே பார்த்துக்கொண்டு இருந்தார். கிழக்கே உப்புக் குவியல்கள் தென்னங்கீற்று மூடி வரிசையாக நின்றன. "இந்தத் தொழில்ல எனக்கு இருக்கிறது அந்த ஒரு பேருதாம்மா. காசி வயரைத் தப்பா மாட்டமாட்டான்னு" என்றார். "கத்துக்குட்டிப் பசங்க பண்ற தப்பு இது. வெளியில தெரிஞ்சா அளம் பூரா சிரிக்கும்." அம்சவல்லிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க அவளாலும் முடியவில்லை. வண்டி கிளம்பியது.

பட்டறையில் யாரிடமும் பேசாமல் நேராகப் பேனலுக்குப் போனார். மெயினை அணைத்தார், சிறிது நேரம் பொறுத்தார், டார்ச்சை டிரைவின் அடிப்பக்கம் பிடித்தார். அம்சவல்லியும் குனிந்து பார்த்தாள். ஒயர் தொட்டிக்குப் பின்னால் மறைவாக மோட்டாருக்குப் போகிற மூன்று ஸ்க்ரூ. ஒன்றில் ரோஸ் கோடு முழுசாக இருந்தது. மற்ற இரண்டிலும் கோடு நடுவில் உடைந்திருந்தது. காசிலிங்கம் எதையும் தடவவில்லை, நக்கவும் இல்லை. முதல் தடவையாக முகத்தையும் கையையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு வயரையும் அவிழ்த்து இடம் மாற்றி மாட்டினார். புத்தகத்தைப் புரட்டி டிரைவில் ஒரு எண்ணை மாற்றச் சொன்னார், அம்சவல்லி மாற்றினாள்.

உயிர் கொடுத்தாள். உறுமல் இல்லை. பிளஸ் பட்டனை அழுத்தினாள். கத்தி மெல்ல, சத்தமே இல்லாமல், வெளிப்பக்கம் நகர்ந்தது. மைனஸை அழுத்தினாள், உள்ளே வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். போனது. வந்தது.

சத்தம் கேட்காததாலேயே புருஷோத்தமன் எழுந்து வந்தார். பின்னாலேயே சிங்காரம், லாரி டிரைவர், கயிறும் கையுமாக இரண்டு ஆட்கள். எல்லோரும் கத்தி போய் வருவதைப் பார்த்தார்கள்.

"ஓடுதே" என்றார் புருஷோத்தமன். சந்தோஷப்படலாமா என்று தெரியாத முகம். "தொடைச்சிட்டீங்களாண்ணா? உப்புதான?"

"வேற இன்னா இருக்கப்போவுது, உப்புதான்" என்றார் சிங்காரம், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "இன்னிக்கு ஓடும் சார். அடுத்த காத்துக்கு நிக்கும்."

அம்சவல்லி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். மிஷின் நின்றது. காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கைலியின் முடிச்சை ஒரு தடவை சரி செய்துகொண்டார்.

"உப்பு இல்ல புருசு" என்றார்.

"உப்பு இல்லியா?" புருஷோத்தமன் நம்பாமல் பேனலைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "மூணு நாளா நின்னுச்சே. அப்ப ஃபால்ட்டு எங்கதான் இருந்துச்சி?"

காசிலிங்கம் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். பேனல் பக்கம் திரும்பவில்லை. டெஸ்டரின் நுனியைத் தன் நெஞ்சில், இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்து, அவர்கள் எல்லோரும் பார்த்து முடிக்கிறவரைக்கும் எடுக்காமல் நின்றார்.